மச்சானின் குளமும் எங்கள் கட்சியும்

என்னைப் பழமைவாதி என்பார்கள். வசையாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் நான் மறுத்ததில்லை. கோயிலும் குடும்பமும் நிலமும் அவரவர் கையில் இருக்கவேண்டும், அரசாங்கம் வாசலுக்கு வெளியே நிற்கவேண்டும் என்று நம்புகிறவன் நான். எனக்குப் போடியில் வீடு. மலைமேட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் ஏலத்தோட்டம். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இதே கதைதான். குடியிருப்பது ஒரு மாநிலம், பிழைப்பது இன்னொரு மாநிலம்.

கட்சிக்கு என்னைக் கூட்டிப்போனவர் என் மனைவியின் அண்ணன். எனக்கு மச்சான். என் தோட்டத்துக்கு அடுத்த சரிவில்தான் அவருடைய தோட்டமும். இருவரும் ஒரே ஜீப்பில் மலையேறி, ஒரே ஜீப்பில் இறங்குவோம். வழியெல்லாம் அரசியல் பேசுவோம். அவருக்கு மாவட்ட அளவில் பொறுப்பு, எனக்கு நகர அளவில். அவர் பேசினால் கூட்டம் கைதட்டும். நான் பேசினால் உட்கார்ந்து கேட்கும், அவ்வளவுதான்.

பருவநிலை மாற்றம் என்ற பேச்சு எங்களுக்கு ஒரு வரைபடமாகத்தான் முதலில் வந்து சேர்ந்தது. மலையைப் பாதுகாப்பது பற்றி ஓர் அறிக்கை வந்திருக்கிறது, அதில் எந்தெந்தக் கிராமத்தில் எதைச் செய்யக்கூடாது என்று கோடு போட்டிருக்கிறது என்றார்கள். வீடு கட்ட முடியாது, மரத்தைத் தொட முடியாது, நாளைக்கு நிலத்தை விற்கவும் முடியாது என்று பேச்சு பரவியது. அதில் எது உண்மை, எது பயம் என்று பிரித்துச் சொல்ல ஒருவரும் மலையேறி வரவில்லை. கடைகள் அடைக்கப்பட்டன. ஜீப்புகள் ஓடவில்லை. மேட்டில் சாலை நடுவே நானும் மச்சானும் உட்கார்ந்திருந்தோம்.

"மலைய நாமதான மாப்ளே காப்பாத்திட்டு இருக்கோம்," என்றார் அவர். "கோடு போட்டவன் ஒருத்தனாச்சும் இந்த அட்டைக்கடியில நடந்திருப்பானா?"

அந்தக் கேள்வி நியாயமானது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அன்றிலிருந்து, வெயில் கூடுகிறது என்று எவர் சொன்னாலும் எங்கள் ஆட்களுக்கு அந்தக் கோடுதான் கண்ணில் தெரிந்தது. வெயிலைப் பற்றிப் பேசுகிறவன் நிலத்தைப் பறிக்க வருகிறான் என்று ஆகிவிட்டது. எங்கள் மேடைகளில் அது சிரிப்புக்கான விஷயமாயிற்று. எதிர்க்கட்சி மேடைகளில் அதையே மந்திரம்போல ஓதினார்கள். அவர்களுக்கும் ஏலச்செடி எப்படி இருக்கும் என்று தெரியாது.

பிறகு அந்தக் கோடை வந்தது. மாசியிலேயே மலைக்காற்றில் ஈரம் இல்லை. கோடை மழை ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. ஏலத்தட்டைகள் முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, கடைசியில் இடுப்பொடிந்ததுபோல் மண்ணில் சாய்ந்தன. நிழலுக்குப் பச்சை வலை கட்டிப் பார்த்தோம். லாரியில் தண்ணீர் லோடு ஏற்றிப்போய் ஊற்றினோம். என் தோட்டத்தின் மேற்குச் சரிவில் நிழல் மரங்களின் கிளைகளை முன்னமே அதிகமாகக் கழித்திருந்தேன். அந்தப் பக்கம் ஒரு தட்டைகூட மிஞ்சவில்லை. களையெடுக்க வந்த பெண்கள் செய்ய வேலையில்லாமல் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தச் சமயத்தில் ஏல விவசாயிகள் சேர்ந்து போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மலைமேல் ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஓர் அம்மையாரை அழைத்திருந்தார்கள். மலையாளி. பல வருடங்களாக ஏலம் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். நான்தான் தலைமை. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் எங்கள் கட்சிக்காரர்கள்.

அவர் நிதானமாக, மலையாளம் கலந்த தமிழில் பேசினார். "இந்த வெயில் எல்லா வருஷமும் வரும்னு நான் பறையல. ஆனா முன்ன விட அடிக்கடி வரும். மழ குறையும்னு நினைக்காதீங்க. ஒண்ணாச் சேர்ந்து கொட்டும். அதுகொண்டு, நிழல் மரத்தக் கழிக்காதீங்க. தண்ணி இல்லாமப் போகும்னு பயந்து சரிவுக்கு மேல குளம் வெட்டாதீங்க."

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "மேப்பக் கொண்டாந்திருக்கியாம்மா? எங்க கோடு போடப்போற?"

சிரிப்பு எழுந்தது. இன்னொருவர், "யாரும்மா ஒன்னய அனுப்பி வச்சது?" என்றார். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரு தண்ணீர்ப் பாட்டில் பறந்துவந்து மேடை விளிம்பில் விழுந்து உருண்டது. அந்த அம்மையார் பின்வாங்கவில்லை. பேச்சுக் குறிப்புகளில் அடுத்த தாளை எடுத்தார். முன்வரிசையில் மச்சான் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் மண்டபம் அடங்கியிருக்கும். சொல்லவில்லை.

நான் எழுந்து மைக்கை வாங்கினேன்.

"உக்காருங்கப்பா. இந்தம்மா சொல்றது பூராத்தையும் நானும் நம்பல. ஆனா நாமளா கூப்பிட்டு வந்தவுகள நிக்க வச்சு ஏசுறது எந்த ஊருப் பழக்கம்? பழக்கவழக்கத்தக் காப்பாத்துறோம்னுதான மேடைக்கு மேட பேசுறோம்? கேளுங்க. கேட்டுட்டு, மறுக்கணும்னா மறுத்துப் பேசுங்க."

மண்டபம் அடங்கியது. அவர் பேசி முடித்தார். இரண்டு பேர் ஒழுங்காகக் கேள்வி கேட்டார்கள். சாப்பாடு போட்டோம்.

நான் பேசியதை எவரோ போனில் பிடித்திருந்தார்கள். "நானும் நம்பல" என்ற இடத்தை வெட்டிவிட்டு, மீதியை ஊரெல்லாம் அனுப்பினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள். சீக்கிரமே என்னைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிட்டதாகக் கட்சியின் வாட்ஸப் குழுவில் ஒரு வரி வந்தது. எனக்கு நேரில் எவரும் சொல்லவில்லை.

மச்சான் வீட்டுக்கு வந்தார். நின்றபடியே பேசினார்.

"நீ அந்தம்மாவுக்காகப் பேசல மாப்ளே. எதிராளிக்காகப் பேசிட்ட."

"எதிராளி எங்க மச்சான் இருந்தான்? மண்டபத்துல பூரா நம்மாளுகதான இருந்தாக."

"போன்ல இருந்தான்," என்றார். தன் தங்கை கொண்டுவந்த காப்பியைத் தொடாமல் போய்விட்டார்.

அதன்பின் ஜீப்பும் தனித்தனியாயிற்று. நேரெதிரே சந்தித்தால் இருவரும் பாதையைப் பார்த்து ஓட்டினோம். என் மனைவிதான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிடந்து அலைந்தாள். ஒருநாள் அவள், "அண்ணே தோட்டத்து உச்சியில படுதாக் குளம் வெட்டுறாகளாம்," என்றாள். பள்ளம் பறித்து, பிளாஸ்டிக் படுதா விரித்து, தண்ணீர் தேக்குகிற குளம். அந்தக் கோடைக்குப் பிறகு மலையில் பலரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். செடி கருகுவதைப் பார்த்தவன் வேறென்ன செய்வான்?

"உச்சியில வேணாம், கீழ ஓடைப்பக்கம் சமதளத்துல வெட்டச் சொல்லு," என்று சொல்லி அனுப்பினேன்.

அவள் திரும்பிவந்து மச்சானின் பதிலைச் சொன்னாள்: "அந்தம்மா சொல்லிக் குடுத்த பாடமான்னு கேளு."

ஆடியில் மழை பிடித்தது. முதலில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. பிறகு விடாமல் பெய்தது. ஒருநாள் காலையில், வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கிளம்புகிற நேரத்தில், என் மனைவி போனைக் காதில் வைத்தபடி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். குளம் உடைந்துவிட்டது. உச்சியிலிருந்து மண் அப்படியே இறங்கி, காய் உலர்த்தும் கட்டடத்தில் பாதியையும் அதன் கீழே இருந்த காவல்காரர் வீட்டையும் மூடிவிட்டது.

மலைப்பாதையில் மரங்கள் விழுந்து கிடந்தன. ஓர் இடத்தில் ஜீப்பை விட்டுவிட்டு நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது, மச்சான் முழங்கால் சேற்றில் குனிந்து வெறுங்கையால் மண்ணை வாரிக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டியைத் தவிர வேறு உடுத்தாத மனிதர். அன்று வேட்டியின் நிறம் தெரியவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லிக்காட்ட வந்தியா?"

நான் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் இறங்கினேன்.

காவல்காரரைப் பிற்பகலில்தான் எடுத்தோம். ராசிங்காபுரத்துக்காரர். எங்கள் இருவர் தோட்டத்திலும் வெகுகாலம் இருந்தவர். மழைக்கு முன் மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் அவர் மனைவி பிழைத்தார். உடலைக் கம்பளியில் சுற்றி மாறி மாறித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். தலைமாட்டுப் பக்கத்தை மச்சான் ஒருவரிடமும் விடவில்லை.

ராசிங்காபுரத்தில் எழவு வீட்டுக்கு இரண்டு கட்சிக்காரர்களும் மாலைகளோடு வந்தார்கள். ஓடையைத் தூர்வார அனுமதி கொடுக்காத அதிகாரிகள்தான் காரணம் என்று எங்கள் ஆட்கள் கேமராவுக்கு முன் சொன்னார்கள். எதிர்க்கட்சி இளைஞர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார்.

"அண்ணே, நீங்க ஒரே வார்த்தை சொன்னாப் போதும். பருவநிலை மாற்றமே கெடையாதுன்னு பேசுனவர் தோட்டத்துலதான் மலை எறங்கிருக்குன்னு. ஒங்கள அவமானப்படுத்துனவுகதானண்ணே?"

"எழவு வீட்டுல நிக்கிறோம் தம்பி," என்றேன். அவருக்கு என்மேல் வருத்தம். அன்று முதல் இரண்டு பக்கத்துக்கும் நான் வேண்டாதவனானேன்.

மச்சான் பந்தலின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். காவல்காரரின் மனைவி எழுந்து அவர் முன்னால் வந்தார். கத்தவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை.

"அய்யா, அந்தக் கொளத்த எதுக்குய்யா எங்க தலைக்கு மேல வெட்டுனீக?"

"தண்ணியில்லாமத்தான் ஆத்தா," என்றார் மச்சான். மேடையில் மணிக்கணக்கில் பேசுகிறவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

சில நாள் கழித்து, சரிவைப் பார்வையிட வந்த குழுவில் அந்த அம்மையாரும் இருந்தார். செய்திக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பருவநிலை மாற்றம்தான் இந்த உயிரை எடுத்தது என்று சொல்லலாமா என்று கேட்டார்கள். மச்சான் அவருக்கு எதிரே நின்றிருந்தார். தண்டனையை எதிர்பார்க்கிறவரைப்போல முகத்தை வைத்திருந்தார்.

"ஒரு மழைய மட்டும் வச்சு அப்படிச் சொல்ல முடியாது," என்றார் அம்மையார். "இப்படி மழ அடிக்கடி வரும்னு சொல்லலாம். அதுக்கு ஆதாரம் உண்டு. ஆனா இந்தக் குளம் இந்த இடத்துல இருந்திருக்கக் கூடாது."

செய்திக்காரர்களுக்கு அது போதவில்லை. கேமராக்களை மடக்கினார்கள். மச்சான் அவரை நெருங்கினார்.

"மழையால நடந்ததா, கொளத்தால நடந்ததா? எனக்கு மட்டும் சொல்லுங்க."

"மழ இல்லாம இது நடக்காது சாரே. குளம் இல்லாமலும் நடந்திருக்காது. எது எத்தனைன்னு எனக்கு அறியில்ல."

அன்று மாலை மச்சான் என் ஜீப்பில் ஏறினார். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினோம். கீழே புளியமரங்கள் தொடங்கும் இடத்தில், "தெரியலன்னு சொல்ற ஆள நான் இதுவரைக்கும் மேடையில பாத்ததே இல்ல மாப்ளே," என்றார். பிறகு துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வெளியே இறங்கி நின்றேன்.

அவர் மாறிவிட்டார் என்று சொன்னால் அது பொய். குளத்தை மூடினார். சரிவில் மரக்கன்று வைத்தார். பொறுப்பைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டு விலகினார். காவல்காரரின் மனைவியைப் பார்க்க அடிக்கடி ராசிங்காபுரம் போய்வருகிறார். அந்த அம்மா அவரிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை, போகவேண்டாம் என்றும் சொல்வதில்லை. ஆனால் பருவநிலை என்ற சொல்லை மச்சான் இப்போதும் வாயில் எடுப்பதில்லை. "அதச் சொன்னா நாளைக்கே கோட்டோட வந்து நிப்பாங்கெ," என்கிறார். அவர் பயப்படுவது வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த அம்மையார் சொல்வது பொய் என்றும் என்னால் இனி சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்துப் பேச எங்கள் கட்சியிலும் இடமில்லை, அவர்கள் கட்சியிலும் இடமில்லை.

தேர்தலுக்கு முன்பு கட்சியிலிருந்து ஆள் வந்தார்கள். பழையதை மறந்துவிட்டு வந்துவிடுங்கள், பொறுப்பு காத்திருக்கிறது என்றார்கள். மண்டபத்தில் நடந்ததற்கு அந்த அம்மையாரிடம் எவராவது ஒரு வார்த்தை சொன்னீர்களா என்று கேட்டேன். காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

வாக்களிக்க மச்சானும் நானும் சேர்ந்தே போனோம். வரிசை நீளமாக இருந்தது, வெயில் சுள்ளென்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும், "எதுக்குப் போட்டீக?" என்று என் மனைவி கேட்டாள்.

"எப்பவும் போடுறதுக்குத்தான்."

"அண்ணே எதுக்குப் போட்டாகளாம்?"

"கேக்கல," என்றேன்.