முதலாளியம்மா

கானாவில் சொந்தமாக உப்பளம் நடத்தும் ஓர் அம்மாள் ஆரோவிலுக்கு வந்திருந்தார். மரக்காணத்து உப்பளங்களைப் பார்க்க அவருக்கு மொழிபெயர்ப்பாளனாகக் கூடப் போனேன். நல்ல உயரம், மஞ்சள் தலைக்கட்டு. எந்த உப்புக் குவியலைக் கண்டாலும் ஒரு கல்லை எடுத்துக் கடித்துப் பார்த்த பிறகுதான் பேசுவார்.

உப்பு ஏஜென்ட் மரியாதையில் குறை வைக்கவில்லை. "வாங்க முதலாளியம்மா" என்றவர், என் பக்கம் திரும்பி, "முதலாளி எப்ப வர்றாருங்க? தொழில் விஷயத்த அவருகிட்டயே பேசிக்கலாம்" என்றார்.

முதலாளியம்மா என்றால் என்ன என்று அந்த அம்மாள் கேட்டார்.

"முதலாளியின் மனைவி" என்றேன்.

"முதலாளியே பெண்ணாக இருந்தால்?"

"அதற்கும் இதே சொல்தான்."

ஒரு கல் உப்பைக் கடித்தார். "எங்கள் ஊரில் ஆட்கள்தான் என் கணவரைத் தேடுவார்கள். உங்கள் ஊரில் சொல்லே தேடுகிறதே!"

மாலையில், இடையஞ்சாவடியில் என் மனைவி நடத்தும் தையல் கடையில் போய் உட்கார்ந்தேன். உள்ளே வந்த பெண் நேராக என்னிடம், "முதலாளி, என் ஜாக்கெட் ரெடியாங்க?" என்றாள்.

எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. மிஷினில் இருந்த என் மனைவி தலை நிமிரவே இல்லை.