அணை உடைஞ்ச படமும் அவுக்காத மாடும்

தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவனுக்குப் படம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும், விமர்சனம் மட்டும் முழுசாகக் கிடைக்கும். என்னை மாதிரி நாள் பூரா வாசலில் நிற்கிறவர்களுக்கு இது தெரியும். பிளஸ் டூவைப் பாதியில் விட்டுவிட்டு திருமங்கலத்தில் இந்த வேலைக்கு வந்தேன். வந்த வேளை, அணை உடைகிற படம் ஒன்று ஓடாமல் ஓடிக்கொண்டிருந்தது. "ஞாயித்துக்கிழமையும் பாதி சீட்டு காலின்னா, இதைக் கல்யாண மண்டபமாக்கிருவேன்" என்றார் முதலாளி. மண்டபத்தில் டிக்கெட் கிழிக்க முடியாது.

தண்ணி

படத்தில் உருப்படியானது வெள்ளம்தான். அணை உடைகிற சத்தத்தில் நான் சாய்ந்திருக்கிற கதவே அதிரும். இடைவேளையில் கல்லுப்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார். அவர் ஊர்க் கம்மாய் காய்ந்து கிடக்கிறதாம்.

"இம்புட்டுத் தண்ணியையும் வீணாக்கிட்டாய்ங்களேப்பா!"

ஹீரோ

குறை சொல்ல ஆரம்பித்தால் பொழுது போய்விடும். ஊரே மிதக்கும், ஹீரோ முடி மட்டும் சீவினது சீவினபடி இருக்கும். கூரைமேல் உட்கார்ந்து ஒரு விஞ்ஞானி பேசுவார், பேசுவார், வெள்ளமே வடிந்துவிடும். இடைவேளை முடிந்து மணி அடித்தும் உள்ளே போகாமல் நின்ற ஒரு காலேஜ்காரரிடம், "போங்கண்ணே, படம் போட்டாச்சு" என்றேன்.

"அந்தாளு பேசி முடிச்சதும் கூப்பிடு மாப்ள, வாரேன்."

மாடு

ஞாயிறு மதியம் பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. அந்த விவசாயி, அவ்வளவு தண்ணியைக் காட்டவென்றே குட்டியானை லோடு வண்டியில் சொந்தபந்தத்தையெல்லாம் ஏற்றி வந்திருந்தார். ஜனம் நெளியக்கூடாது என்று, இரண்டாம் பாதியில் கொஞ்சம் வெட்டச் சொன்னார் முதலாளி. விஞ்ஞானியை வெட்டியிருக்கலாம். ஆபரேட்டர் அண்ணன் வெட்டியது, ஒரு பொம்பளை கழுத்தளவுத் தண்ணீரில் திரும்பிப் போய், முதல் பாதியில் கட்டிப்போட்ட தன் பசுவை அவிழ்த்துவிடுகிற சீனை. "ஹீரோ இல்லாத சீனு, எவன் கேக்கப்போறான்?" என்றார்.

அத்தனை பேரும் கேட்டார்கள். படம் முடிந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "ஆளுக பொழச்சது இருக்கட்டும், மாட்டை அவுத்தாளா இல்லையா?" என்று கத்தியது விவசாயி கூட்டிவந்த ஜனம். டிக்கெட் காசைத் திருப்பிக் கொடு என்று பின்சீட்டில் சத்தம். முதலாளி வேர்த்துப்போய் ஆபரேட்டர் ரூமுக்கு ஓடினார். அந்த சீனை மட்டும் தனியாகப் போட்டார்கள். கயிறு அவிழ்ந்ததும் விசில் பறந்தது. அந்தப் படத்துக்கு விழுந்த முதல் விசில் அதுதான். வெளியே போகும்போது விவசாயி என் தோளைத் தட்டினார்.

"மச்சினன் வீட்டாளுக நாளைக்கு வாராக. மாட்டை ஒழுங்கா அவுத்து விடுங்கப்பா!"

அணையும் ஹீரோவும் கைவிட்ட தியேட்டரை ஒரு பசுமாடு கரையேற்றிவிட்டது, அதனால் அந்த விஞ்ஞானியை இன்னும் ஒரு வாரம் நான் கேட்டாக வேண்டும்.