புதன் அண்ணா

எங்கள் வீட்டில் புதன்கிழமை என்றால் சாப்பாட்டுக்கு ஓர் இலை கூடுதல். அந்த இலைக்கு உரியவரை நான் புதன் அண்ணா என்று கூப்பிட்டேன். பக்கத்துத் தெருவில் இருந்த பெரியப்பா வீட்டுக் குழந்தைகளுக்கு அவரே செவ்வாய் அண்ணா, கோடி வீட்டுச் சித்தப்பா குழந்தைகளுக்கு வெள்ளி அண்ணா. அவருக்கும் அவர் அப்பா அம்மா ஆசையாக ஒரு பெயர் வைத்துத்தான் இருப்பார்கள். காலேஜில் ஹாஜர் எடுக்கும்போது அது உபயோகப்பட்டிருக்கும். எங்கள் ஏழு வீட்டில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

அந்தக் காலத்தில் மைசூருக்குப் படிக்க வரும் ஏழைப் பிராமணப் பையன்கள் இப்படித்தான் சாப்பிட்டார்கள். வாரச் சாப்பாடு என்று அதற்குப் பெயர். ஒரு கிழமைக்கு ஒரு வீடு என்று ஏழு வீடு அமைந்துவிட்டால் பையன் பட்டம் வாங்கிவிடலாம். மற்றப் பையன்களுக்கு அவரவர் ஜாதி ஹாஸ்டலில் இடம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். நாடு சுதந்திரம் வாங்கிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. மைசூரில் யுனிவர்சிட்டி இருந்தது, அரண்மனைக்கு ஒன்றுவிட்ட தம்பிகள் போலக் கட்டடங்கள் இருந்தன. அந்தக் கட்டடத்துக்குள் உட்காருகிற பையன் மத்தியானம் எங்கே சாப்பிடுவான் என்கிற கேள்வியை மட்டும் அக்ரஹாரத்து அடுப்புகளிடம் விட்டுவிட்டிருந்தார்கள்.

புதன் அண்ணாவுக்கு ஊர் குண்டலுபேட்டை தாண்டிக் காட்டோரத்தில். அவர் அப்பா அங்கே ஒரு சின்னப் பெருமாள் கோயிலில் அர்ச்சகர். ஊர்ப் பள்ளிக்கூடம் நாலாங்கிளாஸோடு முடிந்துவிடும். அதற்கு மேல் ஒரு மிடில் ஸ்கூல் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் மண்சுவர் எழுப்பி ஓடும் போட்டு வைத்திருந்தார்கள். ஆனால் சர்க்கார் அனுப்பிய வாத்தியார் எவரும் அங்கே தங்கவில்லை. காட்டு ஜுரத்துக்குப் பயந்து ஒவ்வொருவராக மூட்டை கட்டிவிட்டார்கள். உள்ளூர்ப் பையன் ஒருவன் இன்டர்மீடியட் தேறி வந்து வாத்தியாராக உட்கார்ந்தால் அந்த வருஷமே ஸ்கூல் திறக்கலாம், இல்லாவிட்டால் அதை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்று கல்வி இலாகா சொல்லிவிட்டது. அந்த ஊரில் இன்டர்மீடியட் வரை வந்தவர் இவர் ஒருவர்தான்.

இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும், ஏனென்றால் அப்பா அந்த இலாகாவில்தான் குமாஸ்தா. ஆபீஸுக்கு மனு எடுத்துக்கொண்டு வந்த அர்ச்சகரைப் பார்த்து மனமிளகி, பையன் சாப்பாட்டுக்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுத்ததோடு நின்றிருக்கலாம். எங்கள் அப்பாவுக்குக் குலப்பெருமை கொஞ்சம் ஜாஸ்தி. மேல்கோட்டையிலிருந்து மைசூருக்கு வந்து குடியேறிய எங்கள் வம்சத்துக்கு அக்கம்பக்கத்துத் தெருக்களில் சரியாக ஏழு வீடு இருந்தது. எல்லாரும் பங்காளிகள். வெளியார் ஒருவரையும் கேட்காமல் அந்த ஏழு வீட்டுக்குள்ளேயே ஏழு கிழமையையும் பங்கிட்டுக் கொடுத்தார். “நம்ம ஏழாத்துக்காராளும் சேர்ந்து ஒரு ஊருக்கே பள்ளிக்கூடம் கட்டறோம்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

புதன் அண்ணாவிடம் மட்டும் இன்னொன்றும் சொல்லி வைத்திருந்தார். “அம்பி, வேற யாராத்து வாசல்லயும் போய் நிக்கப்படாது. நின்னியோ, அது எனக்கு அவமானம்.” புதன் அண்ணா தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுகிறவர். மைசூரில் ஒரு கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையில் இலவசமாகப் படுத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தார், அடுப்பு மூட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு.

இரண்டாம் வருஷப் பரீட்சை நெருங்கிய சமயம் மேல்கோட்டையில் வம்சத்துக்கே மூத்தவரான பெரிய தாத்தா பரமபதித்தார். தொண்ணூறை எட்டிப் பிடித்த மனிதர், அவர் போனதில் யாருக்கும் பெரிய துக்கமில்லை. ஆண்கள் எல்லோரும் பஸ் பிடித்து மேல்கோட்டைக்குப் போய்விட்டார்கள். பங்காளிகளுக்குப் பத்து நாள் தீட்டு. தீட்டு வீட்டில் வெளியாருக்கு இலை போட மாட்டார்கள், வெளியாரும் சாப்பிட மாட்டார்கள்.

அந்தப் புதன்கிழமை அவர் குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு வழக்கமான நேரத்துக்கு வந்து வாசலில் நின்றார். அம்மா உள்ளேயிருந்தே சொன்னாள்:

“தீட்டு வந்துடுத்துடாப்பா. இன்னிக்கு எங்காத்துல இல்லே. ஒரு நாள் பசி பொறுத்துக்க மாட்டியா நீ? வியாழக்கிழமையாத்துல ரெண்டு கவளம் கூடச் சாப்பிட்டுடு.”

“ஆகட்டும் மாமி” என்றார்.

அவர் தெருமுனைக் குழாயில் குனிந்து வெகுநேரம் தண்ணீர் குடிப்பதை நான் வாசலில் நின்று பார்த்தேன். மாடு மாதிரிக் குடிக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. திங்கட்கிழமை வீட்டிலும் செவ்வாய்க்கிழமை வீட்டிலும் இதே பதிலைக் கேட்டுவிட்டுத்தான் அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். வியாழக்கிழமை வீட்டுச் சித்தியும் அம்மா சொன்னதையேதான் சொல்லப் போகிறாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வேளைதானே என்று நினைத்தார்கள். எல்லாக் கிழமையும் ஒரே வம்சத்துக்குள் இருக்கிறது, எல்லா வீட்டிலும் சேர்ந்தாற்போல் தீட்டு என்பதை எந்தப் பெண்மணியும் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டிப் பார்க்க வேண்டியவர் மேல்கோட்டைக் குளக்கரையில் தர்ப்பையும் எள்ளுமாக உட்கார்ந்திருந்தார்.

அடுத்த புதன் அவர் வரவேயில்லை. “பரீட்சைக்குப் படிக்கறான் போலிருக்கு” என்றாள் அம்மா.

பதின்மூன்றாம் நாள், துக்கம் கழித்து விருந்து போடும் சுபம். அதை எங்கள் வீட்டில்தான் வைத்தார்கள். ஆண்கள் திரும்பியிருந்தார்கள், வீடெல்லாம் கழுவிக் கோலம் போட்டாகிவிட்டது. தொண்ணூறு வயசுக்காரர் சுபம் என்பதால் கல்யாணத்துக்குக் குறையாத தளிகை. அப்பா வந்த கையோடு என் அண்ணனை அனுப்பிப் புதன் அண்ணாவைக் கூட்டி வரச் சொன்னார். அண்ணன் தோளைப் பிடித்துத்தான் அவரைக் கூட்டி வந்தான். என்ன இப்படி இளைத்துவிட்டான் என்று யாரோ கேட்டதற்கு, ராக்கண் முழித்துப் படித்தால் இளைக்காமல் என்ன செய்யும் என்று வேறு யாரோ பதில் சொன்னார்கள்.

பந்தியில் குழந்தைகளெல்லாம் கடைசியில். எனக்கு நாலு இலை தள்ளி அவர். பரிமாறுகிறவர்கள் அடுத்த இலைக்கு நகர்வதற்குள் அவர் இலை காலியாகிவிடும். சாதம் போட்டார்கள், போயிற்று. மறுபடி போட்டார்கள், அதுவும் போயிற்று. வெள்ளிக்கிழமைச் சித்தப்பா எதிர்வரிசையிலிருந்து, “குண்டலுபேட்டைக்காரனுக்கு ஹசிவு, பசி எல்லாம் இன்னிக்குத்தான் வந்திருக்கு, பாத்துப் போடுங்கோ, இலையையும் சேர்த்துச் சாப்பிட்டுடப் போறான்” என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். புதன் அண்ணாவும் கொஞ்சம் சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

அப்பா நெய்க் கிண்ணத்தோடு வந்தார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. “பரீட்சை எப்படிடா எழுதினே?”

“கணக்குப் பேப்பர் அன்னிக்கு ஹால்லயே விழுந்துட்டேன் மாமா. முழிச்சுப் பாக்கறப்போ மணி அடிச்சுடுத்து.”

“ஏண்டா, ஜுரமா?”

“இல்லே மாமா. எல்லாராத்துலயும் தீட்டுன்னு சொல்லிட்டா. கோயில்ல கார்த்தால ஒரு பிடி பொங்கல் கொடுப்பா, அதான்.”

“பத்து நாளுமா?”

அவர் இலையில் ஒட்டியிருந்த பருக்கைகளை விரலால் கூட்டிச் சேர்த்தார்.

“வேற யாராத்துக்காவது போயிருக்கப்படாதா?”

“நீங்கதான் போகப்படாதுன்னு சொல்லியிருந்தேளே மாமா.”

அதில் குற்றம் சொல்லுகிற தொனி துளியும் இல்லை. சொன்ன வேலையைச் சரியாகச் செய்த பையன் வாத்தியாரிடம் சொல்கிற மாதிரி இருந்தது.

முதல் தடவையிலேயே தேறினால்தான் காலேஜ் ஃபீஸில் சலுகை என்று அவருக்கு விதி. மறுநாள் அவர் தகரப் பெட்டியோடு குண்டலுபேட்டை பஸ் ஏறிவிட்டார். ஸ்கூல் வேறு தாலுகாவுக்குப் போயிற்று. அந்த உத்தரவை நகல் எடுத்து அனுப்புகிற வேலை ஆபீஸில் அப்பா மேஜைக்கே வந்தது என்று பல வருஷம் கழித்து அம்மா சொல்லித் தெரியும். அந்த மண்சுவர்க் கட்டடத்தில் பிறகு புளி மூட்டை அடுக்கினார்களாம்.

ஆனால் அன்றைக்குப் பந்தியில் இருந்த எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? எங்கள் வீட்டில் நெய் என்பது சொட்டுக் கணக்கு. அப்பா அவர் இலைக்கு மேல் குனிந்தபடியே ஊற்றிக்கொண்டிருந்தார். சாதம் மூழ்கி, நெய் இலை விளிம்பைத் தாண்டித் தரையில் ஓடியது. “போறும் மாமா, போறும்” என்று அவர் கையை மறித்தும் அப்பா நிறுத்தவில்லை. என் இலைக்கு வந்தபோது கிண்ணத்தில் ஒரு சொட்டுகூட இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அப்பா கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டுகிறது. நான் அழுததைப் பார்த்துத்தான் அப்பா அழுகிறார் என்று எனக்குப் பயமாகிவிட்டது.

“பரவால்லேப்பா, எனக்கு நெய் வேண்டாம்” என்றேன்.