ரிக் கம்பெனியில் ஒரு ஸ்பானிஷ்காரி

மொழிபெயர்ப்பாளர் என்றால் திருச்செங்கோட்டில் பத்திரம் எழுதுகிறவர் என்று நினைத்துக்கொண்டு பட்டா மாற்ற வழி கேட்பார்கள். நான் இருப்பது ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி கட்டும் கம்பெனியில். மெக்சிகோ, பெரு பக்கத்து வாடிக்கையாளர்கள் ஸ்பானிஷில் கேட்பதையும் எழுதுவதையும் இங்கிலீஷாக்குவது என் வேலை, தமிழாக்குவது கூடுதல். இரண்டு பாஷைக்கு நடுவில் மாட்டித் திட்டு வாங்கியவரா நீங்கள்? அப்படியானால் நம்ம ஆள், வாருங்கள்.

வண்டிக்கு எத்தனை வருஷம்?

செல்போனே மொழிபெயர்க்கிறது, இந்தப் பொண்ணு எதற்கு என்று முதலாளிக்கு முதலில் ஓர் எண்ணம். ஒருநாள் மெக்சிகோவிலிருந்து வந்த விவசாயி, பெயிண்ட் வாசம் போகாத வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு "குவாந்தோஸ் அன்யோஸ் தியேனே?" என்றார். 'இதற்கு எத்தனை வருஷம் இருக்கிறது' என்று போன் இங்கிலீஷில் சொன்னது. எத்தனை வருஷம் உழைக்கும் என்கிறார் என்று எடுத்துக்கொண்ட முதலாளி, நெஞ்சை நிமிர்த்தி, "பதினஞ்சு வருஷமுங்க" என்றார். போன் அதையும் ஸ்பானிஷில் சொல்லிவிட்டது. வந்தவர் தொப்பியை மாட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார்.

நான் ஓடிப்போய் மறித்தேன். ஸ்பானிஷில் வயதை அப்படித்தான் கேட்பார்கள். பழைய வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்களோ என்று அவருக்குச் சந்தேகம். முதலாளியே ஒத்துக்கொண்டது மாதிரி ஆகிவிட்டது. "வண்டி பிறந்தே ஒரு வாரம்தான் ஆகிறது, பதினைந்து வருஷம் உழைக்கும்" என்றேன். திரும்பி வந்து, வண்டியில் பதித்திருந்த தயாரிப்புத் தேதித் தகட்டைக் குனிந்து படித்தார், சிரித்தார், இரண்டு வண்டிக்குக் கையெழுத்துப் போட்டார். முதலாளி போனைச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

"இனி நீ பக்கத்துல இல்லாம நான் வாயே தொறக்க மாட்டேஞ்சாமி."

மண்டே

மறுநாள் அதே விவசாயிக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் ஃபிட்டர் செங்கோடண்ணன். பாதியில் ஸ்பேனரைப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். "நான் எதச் சொன்னாலும் அந்தாளு 'மண்டே, மண்டே'ங்கறாருங்க அம்மிணி. நானென்ன மண்டையனா?"

அவர் சொன்னது "மாந்தே". புரியவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்பதை மெக்சிகோவில் மரியாதையாகச் சொல்லும் முறை. இங்கிலீஷில் 'பார்டன்' என்று எழுதுவேன். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'கட்டளையிடுங்கள்' என்று அர்த்தம். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது.

"கட்டளையிடுங்கன்னு எங்கூட்டுல ஒருத்தருஞ் சொன்னதில்லீங்க, அவரு எத்தன வாட்டி வேணாலும் சொல்லட்டும்!"

எங்கே வலிக்கிறது?

பெருவுக்கு எங்கள் ரிக்கோடு போன ஆபரேட்டர் குமரேசன், வெண்ணந்தூர்க்காரர். ஒருநாள் காலை நான் குக்கர் வைக்கும்போது அவரிடமிருந்து போன், அங்கே அப்போது ராத்திரி. ஆஸ்பத்திரியில் வயிற்று வலியோடு கிடக்கிறார். டாக்டருக்கு ஸ்பானிஷ், இவருக்குத் தமிழ், அதைத் தாண்டி ஒரு வார்த்தை கிடையாது.

டாக்டர் கேட்டதெல்லாம் ஸ்பானிஷ் வகுப்பில் முதல் வாரமே வரும் கேள்விகள்தான். எங்கே வலிக்கிறது? வலது அடிவயிற்றில். எப்போதிலிருந்து? காலையிலிருந்து. எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? "அதெல்லாம் இல்லீங்க" என்றார் குமரேசன். 'இல்லை' என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திவிட்டேன். கேள்வி அவருக்குப் புரிந்ததா என்று ஒரு சந்தேகம். "எந்த ஊசியாவது போட்டு உடம்பு தடிச்சிருக்கா? நல்லா யோசிங்க" என்றேன். "பென்சிலின் போட்டப்ப மூச்சு முட்டுச்சுங்க. அதச் சொல்றீங்களா?" டாக்டரிடம் சொன்னேன். உடனே, எடுத்து வைத்த ஊசியை மாற்றச் சொல்லி நர்சிடம் அவர் கத்துவது கேட்டது.

குடல்வால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து குமரேசன் ஊர் திரும்பினார். அவரையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்த அவர் மனைவி, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஸ்பானிசு எதுக்கு ஆகும்னு ஆராச்சும் கேட்டா எங்கூட்டுக்கு அனுப்பி வையுங்க, இவரை நிறுத்திக் காட்டறேன்."

ஊரார் பேச்சையெல்லாம் பேசி முடித்து வீடு சேரும்போது என் சொந்தப் பேச்சுக்கு மூச்சு மிச்சமிருப்பதில்லை, ஆனாலும் காலை ஒன்பதுக்குக் கம்பெனியில் முதல் ஆள் நான்தான்.