ஃபேர்னஸ் அறை வாசலில் ஒருவர்

போன மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம். வேலையால் வந்து பேஸ்மென்ட் அறையில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்குச் சூடு தரும் ஃபேர்னஸ் இருக்கிற அறை. அதன் கதவு பாதி திறந்திருந்தது. வாசலில் யாரும் இல்லை.

நான் பயந்த ஆள் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, எல்லைகளை இருட்டில் நடந்து கடந்தவனுக்கு ஒரு செருமல் எம்மாத்திரம்? ஆனால் அந்தச் செருமலில் ஒரு தோரணை இருந்தது. வீட்டுக்காரரின் தோரணை. 'உதில என்ன செய்யிறாய்?' என்று கேட்கப் போகிறவர் செருமுகிற மாதிரி...

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் ஓரிடத்தில் நிற்காதவன். சென் ஜேம்ஸ் ரவுண் மாடியில் தொடங்கி, இந்த நகரத்தில் எத்தனை அறைகளில் படுத்தேன் என்று எனக்கே தெரியாது. இந்தக் குளிருக்கு யூனியன்வில்லில், பவானி அக்கா வீட்டு பேஸ்மென்ட். மேலே அவர் தனியே. கணவர் போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை.

மேலே ஏறிப் போனேன். சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"அக்கா, ஆரும் கீழ வந்தவையோ?"

தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "உங்களுக்கும் கேட்டதோ?"

"என்னது?"

"செருமல். அது இவர்தான் தம்பி. அந்த அறை வாசல்லதான் நிக்கிறவர். நான் உடுப்புத் தோய்க்க இறங்கினால் பின்னால நிண்டு பாக்கிறார். நீங்கள் பயந்து அறையை விட்டிட்டுப் போயிடுவியள் எண்டு சொல்லேல்ல."

"அப்ப கீழ ரெண்டு பேர் இருக்கிறம். வாடகையைப் பாதியாக்குங்கோ."

அக்கா சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"பகிடி விடாதேங்கோ. தலையிடி தாங்கேலாமல் கிடக்கு. வயித்தைப் பிரட்டிச் சத்தி வருமாப்போல இருக்கு. றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிட்டப் போனால் விட்டுப்போகுது. திரும்பி வந்து கதவைத் திறந்தால் தொடங்குது. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? இவரின்ர ஆத்துமா சாந்தியடையேல்ல. வெள்ளிக்கிழமை ஐயர் வாறார். சாந்தி செய்யப் போறன்."

எனக்கும் சில நாட்களாகத் தலையிடிதான். வேலைக்குப் போனால் விட்டுவிடும். வீட்டுக்கு வந்தால் பிடிக்கும். ஊரில் எல்லோருக்கும் மறுவளமாக அல்லவா நடக்கும்?

அப்போதுதான் அக்காவுக்குப் பின்னால் இருந்த யன்னலைக் கவனித்தேன். கண்ணாடியின் உட்பக்கம் முழுக்க வேர்த்து வழிந்துகொண்டிருந்தது.

அந்த யன்னலை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். இந்த வீட்டில் அல்ல.

உக்ரைனில் ஒரு குளிர்காலம். எல்லை தாண்டும் வரைக்கும், ஆட்களைக் களவாக அனுப்புகிற ஏஜென்சிக்காரன் எங்களை ஒரு அறையில் பூட்டி வைத்திருந்தான். கரி அடுப்பு ஒன்று. குளிர் வராமல் இடுக்கெல்லாம் துணியால் அடைத்திருந்தது. யன்னல் வேர்த்தது. எல்லோருக்கும் தலையிடி. ஒருவன் தன் தாய் மூலையில் நின்று சோறு குழைக்கிறா என்று சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். காலையில் அவன் எழும்பவில்லை. பக்கத்தில் படுத்தவனும் எழும்பவில்லை. முகங்கள் நல்ல சிவப்பாக இருந்தன — எங்கள் எல்லோரையும் விடச் சுகமாக இருக்கிறவர்கள் மாதிரி. புகை இல்லை. மணம் இல்லை. நான் துணி விலகியிருந்த கதவு இடுக்கில் மூக்கை வைத்துப் படுத்தவன். அதனால்தான் இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"அக்கா, எழும்புங்கோ. வெளியில போவம்."

"தேத்தண்ணி..."

"அது கிடக்கட்டும். இந்த வீட்டில புகைக்கும் நஞ்சுக்காத்துக்கும் கத்திற அலாரம் எங்க?"

"மேசை லாச்சிக்குள்ள. தூளுக்கு மிளகாய் வறுத்தால் கத்திக் கொல்லுது. கழட்டி வைச்சிட்டன்."

எழும்பியவருக்குக் கால் தடுமாறியது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பனிக்குள் நின்றபடியே அவசர இலக்கத்துக்கு அடித்தேன்.

தீயணைப்புக்காரர் கையில் ஒரு மீற்றரோடு உள்ளே போனார். வாசலிலேயே அது அலறத் தொடங்கியது. பேஸ்மென்ட் படியால் இறங்க இறங்க இன்னும் உரத்து அலறியது. காபன் மொனொக்சைட் — மணமும் நிறமும் இல்லாத நஞ்சு வாயு. எங்கள் இரண்டு பேருக்கும் ஆம்புலன்சில் வைத்து ஒட்சிசன் தந்தார்கள். அன்றைக்கு நாங்கள் அங்கே படுத்திருந்தால் ஐயருக்கு வேறு வேலை வந்திருக்கும்.

மறுநாள் ஃபேர்னஸ் திருத்த வந்தவர் நம்மவர்தான். சுவாலை நீலமாக இருக்க வேண்டுமாம்; மஞ்சளாக எரிகிறது என்றார். சுற்றிப் பார்த்தார். வெளியிலிருந்து காற்றுக் கொண்டுவரும் பெரிய குழாய் ஒன்று ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் தொங்கியது. அதற்குள் கையை விட்டு இழுத்தார். ஏதோ வந்தது. வந்தது... வந்துகொண்டே இருந்தது.

ஆண்கள் இடுப்பில் கட்டுகிற, நீலக் கட்டம் போட்ட ஒரு சாரம்.

"அன்ரி! வீட்டின்ர மூக்கை அடைச்சுப்போட்டு, வீட்டுக்குச் சளி, தடிமன் எண்டு ஐயரைக் கூப்பிட்டிருக்கிறியள்!"

நெருப்பு எரியக் காற்று வேண்டும். அந்தக் காற்று வராவிட்டால், புகைபோக்கியால் போக வேண்டிய நஞ்சு வீட்டுக்குள்ளேயே திரும்பிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

அக்கா சாரத்தை வாங்கி மடித்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அதுக்குள்ளால குளிர் காத்து வந்தது. தம்பி கீழ விறைக்கப் போறார் எண்டுதான் இவரின்ர சாரத்தை வைச்சனான்."

எனக்காகத்தான். என்ன சொல்வது? ஒருவர் உங்களைப் போர்த்திவிட்டே கொல்லப் பார்த்தால் கோபிக்கவா முடியும்?

பிறகு, மெதுவாக: "இவர் இருக்கேக்க என்னை அந்தக் குழாய்க்குக் கிட்டவும் விடமாட்டார். போனால், வாசல்ல நிண்டு செருமுவார்."

திருத்திக்கொண்டிருந்தவர் அறை வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

உங்கள் வீட்டுக்குள் தலை இடித்து, வெளியே போனதும் விட்டுவிடுகிறதா? கோயிலுக்குப் போங்கள், நான் மறிக்கவில்லை. ஆனால் வீட்டில் உள்ள எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, முதலில் தீயணைப்புக்காரரைக் கூப்பிடுங்கள். வெளிச்சுவரில் உள்ள குழாய்களைப் பனி மூடியிருந்தால் தட்டிவிடுங்கள். லாச்சிக்குள் கிடக்கிற அலாரம்? மிளகாயை முற்றத்தில் வறுக்கலாம்.

பவானி அக்கா வீட்டில் இப்போது காற்றுக் குழாய் திறந்திருக்கிறது. எனக்கு ஒரு தடித்த போர்வை தந்திருக்கிறார். பேஸ்மென்ட் சுவரில் இலக்கம் காட்டும் புது அலாரம். ஐயரை மட்டும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

முந்தநாள் வேலையால் வந்தேன். அக்கா படியில் நின்றார்.

"தம்பி, மத்தியானம் கீழ நீங்களோ செருமினது?"

காலையில் போன நான் அப்போதுதான் வருகிறேன்.

"தலையிடி இருக்கோ அக்கா?"

"சீச்சீ. நல்லாத்தான் இருக்கிறன்." முகத்தில் பயம் ஒன்றும் இல்லை. தலையைக்கூட வடிவாக வாரியிருந்தார்.

கீழே இறங்கி அலாரத்தைப் பார்த்தேன். பூச்சியம்.

பூச்சியம் காட்டினால் வீட்டுக்குள் ஒன்றுமில்லை என்றுதான் அலாரம் வந்த பெட்டியில் எழுதியிருக்கிறது.