நாத்தனார் வந்து தங்கும் நாட்கள்

எங்கள் வீட்டில் வருகிறவர்கள் கண்ணுக்குத் தெரிவது ஒரு கட்டில்தான். என் அம்மா வீட்டுச் சீராக வந்த வேங்கைக் கட்டில், மேலே இலவம்பஞ்சு மெத்தை, இரண்டு தலையணை. இன்னொன்று மடக்குக் கட்டில். பகலெல்லாம் அது சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்கும். அதை ஹாலில் விரித்து அதில்தான் என் வீட்டுக்காரர் படுப்பார். நான் அறையில் படுப்பேன். மகள் பிறப்பதற்கு முன்னால் ஆரம்பித்தது, அவளுக்குக் கல்யாணமாகித் திருப்பத்தூர் போன பிறகும் அப்படியேதான் இருந்தது. எங்கள் மூன்று பேரைத் தவிர இது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புருஷன் பெண்டாட்டி தனித்தனியாகப் படுக்கிறார்கள் என்றாலே ஊர் நேராக அங்கேதான் போய் நிற்கும். அவருக்கு டேனரியில் ஈரத்தோல் பக்கம் வேலை. உப்புத் தோலைக் கழுவுவது, சுண்ணாம்புத் தண்ணீரில் போடுவது, எடுப்பது. ஆம்பூரில் பிறந்தவளுக்குத் தோல் வாடை என்ன புதுசா? நானும் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்கிறவள்தான். ஆனால் எங்கள் கைக்கு வருவது சாயம் போட்டுப் பளபளவென்று வரும் தோல். அவர் கைக்கு வருவது ரோமமும் கொழுப்பும் ஒட்டிக்கொண்டு வரும் தோல். அந்த வாடை எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது.

மகள் வயிற்றில் இருந்தபோது அவர் பக்கத்தில் வந்து படுத்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஒரு நாள் அடக்க முடியாமல் மெத்தை ஓரத்திலேயே வாந்தி எடுத்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. துணி நனைத்து வந்து துடைத்தார். பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார்.

"புள்ள பொறந்ததும் சரியாப் பூடும்" என்றார்.

பிள்ளை பிறந்தது. குமட்டலும் நின்றது. அவர் வரவில்லை. நான் கூப்பிடட்டும் என்று அவர் இருந்தாரோ என்னவோ, அவரே வரட்டும் என்று நான் இருந்தேன். பொம்பளை போய் வாயைத் திறந்து எப்படிக் கூப்பிடுவது? இன்றைக்குக் கூப்பிடலாம், நாளைக்குக் கூப்பிடலாம் என்று போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் மடக்குக் கட்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தரை முதுகைப் பிடிக்கிறது என்றார். நல்லதாப் போச்சு என்றேன். கட்டில் வாங்கிக்கொண்டு வருகிறவர் திரும்பி வரப்போகிறவர் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

காலையில் எழுந்ததும் தலையணையை உள்ளேயே வைத்துக் கட்டிலை மடித்துக் கதவுக்குப் பின்னால் சாத்திவிடுவார். நான் சொல்லி அவர் செய்ததில்லை. எங்கள் ஜனத்தில் குற்றம் எப்போதும் பெண்டாட்டி மேல்தான் விழும். என் பெரியம்மா ஒருத்தி அப்படித் தனியாகப் படுத்தாள். 'புருஷன ஒதுக்கி வெச்சவ' என்று பேர் வைத்தார்கள். அவள் செத்த வீட்டில்கூட அதைச் சொல்லித்தான் குசுகுசுவென்று பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்தப் பேர் எனக்கு வரக்கூடாது. வேறு எதைப் பற்றியும் நான் அவ்வளவு பயந்ததில்லை.

அந்தப் பயத்துக்கு ஒரு முகம் இருந்தது என்றால் அது என் நாத்தனார் முகம். வீட்டுக்காரருக்கு மூத்தவர், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அணைக்கட்டுப் பக்கம் ஒரு ஊரில் கொஞ்சம் நிலம், இரண்டு மாடு, தனிக்கட்டை. வாய் என்றால் அப்படி ஒரு வாய். குழம்பில் உப்பு கம்மி என்றால் மூன்று தெரு கேட்கும். தம்பி என்றால் உயிர். அண்ணி ஆம்பூர் பஜாரில் ஒரு ஹகீம் வைத்தியரிடம் முட்டி வலிக்கு எண்ணெய் வாங்க வருவார். வந்தால் அன்றைக்கே போகமாட்டார். ஹாலில் பாய் போட்டுத் தங்கிவிட்டு மறுநாள்தான் கிளம்புவார்.

ஹாலில் அக்கா படுத்தால் தம்பி எங்கே படுப்பார்? அறைக்குத்தான் வந்தாக வேண்டும்.

முன்பெல்லாம் தீபாவளி, பொங்கலுக்குத்தான் வருவார். பிறகு மாதம் தவறாமல் வர ஆரம்பித்தார். அன்றைக்கு என் வீட்டுக்காரர் எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கை கால் எல்லாம் தேய்த்துக் குளிப்பார். கட்டிலின் அந்த ஓரத்தில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் மாதிரி, கையை மடக்கி வைத்துக்கொண்டு படுப்பார். ஹாலில் ஆள் இருக்கிறது என்று மெதுவாகத்தான் பேச வேண்டும். மெதுவாகப் பேசினால் கிட்டத்தில் வந்துதான் பேச வேண்டும். கேஸ் தீர்ந்துபோனது, மகள் போன் பண்ணியது, கம்பெனி வேன் லேட்டாக வந்தது என்று இருந்ததெல்லாம் பேசுவோம். மற்ற நாட்களில் நாங்கள் அவ்வளவு பேசியதே இல்லை. ஒரு தடவை பேசிக்கொண்டே தூங்கிப்போனார். அவர் கை என் தோள்மேல் கிடந்தது. சுண்ணாம்பு அரித்த கை, சொரசொரவென்று இருக்கும். நான் அசையாமல் படுத்திருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வயதில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் வெளியில் அப்படியா காட்டிக்கொண்டேன்? கம்பெனியில் போய்ப் புலம்புவேன். அணைக்கட்டுக்கு வேலூர் கிட்டத்தில் இருக்கிறது, அங்கே இல்லாத எண்ணெயா, எதற்கு இவ்வளவு தூரம் வந்து என் உயிரை எடுக்கிறது என்பேன். பக்கத்து மெஷினில் உட்காருகிற பாய் வீட்டுப் பெண் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாள்.

"நாத்தனா வந்தா பேஜாருன்ற. மூஞ்சப் பாத்தா ரம்ஜான் மாதிரி கீது. இன்னா சமாச்சாரம்?"

"போடி வேலையப் பாரு" என்பேன்.

போன வருஷம் டேனரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அப்படியே பெஞ்சில் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. என்னைக் கம்பெனியிலிருந்து கூட்டிவந்தபோது வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹாலில் ஐஸ் பெட்டியை வைத்து அவரைக் கிடத்தினார்கள். வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன். உட்கார் என்றார்கள், உட்கார்ந்தேன். 'இப்டி கல்லு மாதிரி உக்காந்துகினு கீதே' என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. உண்மைதானே என்று நினைத்தேன். நாத்தனார்தான் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

எடுக்கிற நேரத்தில் பங்காளிகள் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். செத்தவர் படுத்த படுக்கையும் தலையணையும் வீட்டில் இருக்கக்கூடாது, சுடுகாட்டு வழியில் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும். அது வழக்கம்.

"அண்ணி, அண்ணன் படுத்த படுக்க எது?"

நாத்தனார் எனக்கு எதிரில் நின்றிருந்தார். அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். சுற்றிலும் அத்தனை பெண்கள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையை நீட்டினேன். அது அறைப் பக்கம் நீண்டது.

உள்ளே போய் மெத்தையைச் சுருட்டினார்கள். என் அம்மா கொடுத்த மெத்தை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தலையணையாகப் பார்த்து எடுத்தார்கள், அது நான் தலை வைத்துப் படுத்தது. பிணத்துக்குப் பின்னால் என் படுக்கை போனது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது என்னது என்று சொல்லவேண்டும் போலக்கூட இல்லை. பேர் கெடாமல் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கருமாதி முடிகிற வரைக்கும் நாத்தனார் ஊருக்குப் போகவில்லை. மெத்தை இல்லாத கட்டிலைச் சுவரோரம் சாத்திவிட்டு அறையில் இரண்டு பேரும் பாயில் படுத்தோம். மகளும் மருமகனும் திருப்பத்தூருக்குத் திரும்பிப் போன அன்று மத்தியானம், நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். நாத்தனார் வீட்டைக் கூட்டிக்கொண்டே சமையலறைக்கு வந்தார். கதவை இழுத்தார். மடக்குக் கட்டிலை எடுத்து முற்றத்து வெயிலில் விரித்தார். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் தலையணை விழுந்தது.

"அது பழைய கட்டில் அண்ணி. யாரோ குடுத்தது" என்றேன். கையில் சாம்பல் பவுடரோடு பாதி எழுந்தேன்.

"யாரோவா? என் தம்பி தல வாட எனக்குத் தெரியாதா?" தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "ஏண்டி பதர்ற? எனக்கு எப்பவோ தெரியும். உன் பொண்ணு பள்ளிக்கூடம் போற காலத்துல ஒரு வாட்டி மொத பஸ்ல சொல்லாம வந்தேன். ஜன்னல் தொறந்து கெடந்துச்சி. பாத்தா, இவன் இந்தக் கட்டில மடிச்சிகினு கீறான். சத்தம் போடாம தெருமொனைக்குப் போயி டீ குடிச்சிட்டு, அப்புறமா வந்து கதவத் தட்டினேன்."

துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கினேன்.

"எவ கையிலயும் சொன்னதில்ல. சொல்லுவனா? சொன்னா உன் பேர் மட்டுமா கெடும், என் தம்பி பேரும் சேந்துதானே கெடும்."

"அப்ப அன்னிக்கு ஏன் அண்ணி சும்மா நின்னீங்க? என் மெத்தைய இல்ல தூக்கினு போனாங்க?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்தே? நீ ரூம காட்டினே. சரி, புருஷன்கூடப் படுத்தவளாவே இருந்துட்டுப் போட்டும்னு வுட்டுட்டேன்."

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலையணையை என்னிடம் கொடுத்தார். வாடை எல்லாம் அப்படியே இருந்தது. எனக்குக் குமட்டவில்லை.

"உங்களுக்கு முட்டி வலியே இல்லையா அண்ணி?"

"முட்டி வலி யாருக்குத்தான் இல்ல? அதுக்கு மாட்ட அவுங்ககிட்ட இவுங்ககிட்ட கெஞ்சி வுட்டுட்டு, மாசா மாசம் பஸ் ஏறி வருவாங்களாடி? வந்து ஹால்ல குறுக்க படுத்துகினா அவன் உள்ள போய்த்தானே ஆவணும். அப்படியாவது ஒரு நாளைக்கு ரெண்டு பேர்ல யாருனா ஒருத்தர் வாயத் தொறப்பீங்கன்னு பாத்தேன். ரெண்டும் ஒரே மாதிரி."

அத்தனை வருஷம் அவரைக் கரித்துக்கொட்டியிருக்கிறேன் என்பது மெதுவாகத்தான் புத்தியில் ஏறியது.

சாயங்காலம் பையைக் கட்டினார். மாட்டுக்கு யாரும் சரியாகத் தண்ணி காட்டவில்லையாம், போன் வந்தது. முகம் கழுவி, நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு செருப்பைப் போட்டார். வாசல் வரைக்கும் போனேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணி, இன்னிக்கு ஒரு நாள் தங்கிட்டுப் போங்க."

என் கையை எடுத்துவிடாமலே பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இனிமே நான் தங்கி இன்னாடி ஆவப்போது?" என்றார்.