கட்டைவிரலுக்குப் புது மூட்டு

கன்னடத்தில் சில சொற்கள் தமிழ் முகத்தோடு வந்து ஆளை ஏமாற்றிவிடும். கட்டைவிரலில் அறுவை சிகிச்சை முடிந்து முதன்முறை பயிற்சிக்குப் போன அன்று எனக்கு அப்படித்தான் ஆனது. பிசியோதெரபிஸ்ட் பெண் ஒரு சிறு கருவியை என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, “ஒத்தி அம்மா, ஒத்தி” என்றாள். நம் ஊரில் கண்ணீரை ஒத்தி எடுப்போம். நானும் அத்தனை மெதுவாக ஒத்தினேன். கருவியின் முள் அசையவில்லை. “ஷக்தியே இல்வல்லா...” என்று அவள் முணுமுணுத்தது மட்டும் நன்றாகப் புரிந்தது.

வாணியம்பாடியிலேயே நான் துணி வெட்டும் வேலை பார்த்தவள். கணவருக்குப் பெங்களூர் பொம்மசந்திராவில் வேலை கிடைத்து ஈஜிபுராவில் குடியேறிய பிறகும் ஒரு தையற்கடையில் அதே வேலை. கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்து, பாட்டில் மூடியைத் திருகினாலே உயிர் போனது. மாத்திரைக்கும் ஊசிக்கும் அடங்கவில்லை. “செயற்கை மூட்டு வைக்கலாம். வலி பெரும்பாலும் குறைஞ்சிடும். ஆனா பலம் முழுசா வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். சிலருக்கு மூட்டு நழுவும், மறுபடி ஆபரேஷன் வேணும்” என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாவிட்டால் இந்த நகரத்தில் நான் யார் என்ற பயத்தோடுதான் சம்மதித்திருந்தேன்.

வாசலில் நின்ற கணவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “அடியே, ஒத்தின்னா இங்க அழுத்துறது!”

அழுத்தினேன். முள் நகர்ந்தது. அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. “நோவு இதியா?”

அந்தச் சொல் ஏமாற்றவில்லை. “நோவு இல்லம்மா” என்றேன். எத்தனை காலத்துக்குப் பிறகு அப்படிச் சொல்ல முடிந்தது!

இப்போது பழையபடி வெட்டுகிறேன். ரவிக்கைத் துணியில் கத்தரிக்கோல் வழுக்கிக்கொண்டு போகிறது. தடித்த ஜீன்ஸ் துணியை மட்டும் வேறொருவர் வெட்டுகிறார். பாரம் தூக்கக் கூடாது. குளிர்ந்த காலைகளில் விரல் கொஞ்சம் இறுகும், அவ்வளவுதான்.

அண்மையில் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். தவலையை இறக்கக் கூப்பிட்டபோது தயங்கினேன். “பெங்களூர்க்காரி ஆயிட்டியே!” என்றார் அண்ணி. தழும்பைக் காட்டினேன். என் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். கல்யாணம் முடிந்த மறுநாள் காலை, “எப்போ கிளம்புற?” என்று கேட்டார். “இன்னைக்கேதான் அண்ணி” என்றேன். மாலையில் ஈஜிபுரா படியேறும்போது எதிர்வீட்டு கௌரம்மா, “யாவாக பந்த்ரி?” என்று நான் வந்த நேரத்தை விசாரித்தார்.

காலையில் அண்ணிக்குச் சொன்ன பதிலையே கன்னடத்தில் சொன்னேன்: “இவத்தே.”